புதிய தரவினத்தின் பிறப்பு

நுழையும்முன்

சொற்களைத் திணை, பால், எண், இடம் என வகைப்படுத்திப் பிழையின்றி ஆள்வது மொழியின் இயல்பு. தரவுகளை இனம் பிரித்துப் பிழையின்றி ஆள்வது கணினித் தரவுத்தளத்தின் இயல்பு. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க தரவுத்தள மென்பொருள் ஒன்றில் புதிய தரவினம் ஒன்று எவ்வாறு இடம்பெற்றது என்பதையும், வெளியீட்டுக்குச் சற்று முன்னர்க் கண்டறியப்பட்ட குறை எவ்வாறு களையப்பட்டது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

திணையும் தரவினமும்

'அவன் வந்தது' என்னும் தொடரைக் கேட்ட அளவிலேயே அது வழு என்பது புலப்படுகிறது. எழுவாய் உயர்திணை, பயனிலை அஃறிணை. ஒரு சொல் எத்திணையைச் சார்ந்தது என்பது தெரிந்தால்தான் அது எவ்வகை வினையை ஏற்கும் என்பதும் தெரியும். தமிழ் இலக்கணம் திணைப்பாகுபாட்டை முதன்மையாகக் கொண்டதன் பயன் இதுவே.

தரவுத்தளத்தில் இதே பணியைத் தரவினம் செய்கிறது. தரவுத்தளம் என்பது தகவல்களை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்திச் சேமித்து, வேண்டும்போது தேடித் தரும் மென்பொருள். வங்கிக் கணக்கு, தொடர்வண்டி முன்பதிவு, தேர்வு முடிவு எனப் பலவும் தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. அட்டவணையின் ஒவ்வொரு புலத்திற்கும் ஒரு தரவினம் உண்டு. 9, 10 ஆகிய இரண்டும் முழு எண் இனமாகச் சேமிக்கப்பட்டால் ஏறுவரிசையில் 9 முன்னும் 10 பின்னும் நிற்கும். அவையே எழுத்துச் சரமாகச் சேமிக்கப்பட்டால் முதல் எழுத்தே முதலில் ஒப்பிடப்படும். ஆகவே 10 முன்னால் வந்துவிடும். மதிப்பு ஒன்றே, இனம் மாறியதால் வரிசையும் மாறுகிறது.

தரவினம் மூன்று வினாக்களுக்கு விடை தருகிறது. எம்மதிப்புகளை ஏற்கலாம் என்பது முதல் வினா. தேதி இனம் பிப்ரவரி 30ஐ ஏற்காது. அம்மதிப்பை வட்டில் எத்தனை பைட்டுகளில், எவ்வடிவில் எழுதுவது என்பது இரண்டாம் வினா. அம்மதிப்பின்மீது எச்செயல்களைச் செய்யலாம் என்பது மூன்றாம் வினா. இரு தேதிகளைக் கழித்தால் நாள்களின் எண்ணிக்கை கிடைக்கும், ஆனால் இரு தேதிகளைப் பெருக்குவது பொருளற்றது. புதிய தரவினம் ஒன்றை உருவாக்குவோர் இம்மூன்றுக்கும் ஐயமற விடை கூற வேண்டும்.

இனங்களை வரவேற்கும் தரவுத்தளம்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பது புகழ்பெற்ற திறந்த மூலத் தரவுத்தளங்களுள் ஒன்று. சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்று அழைக்கப்படும் இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1986ஆம் ஆண்டு பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் இதன் முன்னோடித் திட்டம் தொடங்கியது. எண்ணும் எழுத்தும் மட்டுமே தரவுகள் என்று கருதிய பழைய தரவுத்தளங்களுக்கு வடிவியல் உருவங்களையும் நிலப்படங்களையும் கையாள்வது கடினமாக இருந்தது. பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய தரவினத்தைத் தாமே சேர்த்துக்கொள்ளும் வகையில் தரவுத்தளத்தை அமைப்பது அத்திட்டத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று.

அந்நோக்கம் எளிய ஓர் ஏற்பாட்டால் நிறைவேறியது. எந்தெந்தத் தரவினங்கள் உள்ளன என்னும் செய்தி நிரலுக்குள் ஆங்காங்கே புதைத்து எழுதப்படவில்லை. அச்செய்தியே ஓர் அட்டவணையாகத் தரவுத்தளத்திற்குள் வைக்கப்பட்டது. இனத்தின் பெயர், அளவு, அதனைக் கையாளும் செயற்கூறுகள் ஆகியவை அவ்வட்டவணையில் ஒரு பதிவாக அமைகின்றன. புதிய இனம் வேண்டுமெனில் புதிய பதிவு சேர்த்தால் போதும். தரவுத்தளம் அதனைப் படித்து அறிந்துகொள்ளும்.

தெரிந்து தெளிவோம்

பெர்க்லித் திட்டத்தின் நிரலில் 1994ஆம் ஆண்டு ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் ஆகிய இரு மாணவர்கள் எஸ்கியூஎல் வினவல் மொழியைச் சேர்த்தனர். 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் இன்றைய பெயர் வழங்கப்பெற்றது. கணினியியலின் உயரிய விருதாகிய டூரிங் விருது, 2014ஆம் ஆண்டிற்கு மைக்கேல் ஸ்டோன்பிரேக்கருக்கு அளிக்கப்பட்டது.

தேவை பிறந்தது

அட்டவணை என்பது ஒரே அளவில் அமைந்த பெட்டிகளின் வரிசை. எல்லாப் பதிவுகளும் ஒரே வடிவில் இருக்கும்வரை அது சிறப்பாகச் செயற்படும். நூலகம் ஒன்றின் நூற்பட்டியலைக் கருதலாம். எல்லா நூலுக்கும் தலைப்பு உண்டு. ஆனால், சில நூல்களுக்கு மட்டுமே மொழிபெயர்ப்பாளர் உண்டு. சில மட்டுமே பல தொகுதிகளாக வந்தவை. ஒவ்வொரு சிறப்புச் செய்திக்கும் ஒரு புலம் அமைத்தால் பெரும்பாலான பெட்டிகள் வெறுமையாகவே கிடக்கும்.

இணையமும் கைப்பேசியும் பெருகியபோது இவ்வாறு வடிவம் மாறும் தரவுகளும் பெருகின. அவற்றை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவதற்கு ஜேசான் என்னும் எழுத்துவடிவம் பரவலாக வழக்கிற்கு வந்தது. பெயரும் மதிப்பும் இணைந்த இணைகளின் தொகுதியே ஜேசான். சான்றாக,

{ "பெயர்" : "கயல்விழி", "வயது" : 17, "மொழிகள்" : [ "தமிழ்", "ஆங்கிலம்" ] }

என்பது ஒருவரைப் பற்றிய ஜேசான் ஆவணம். வேறொருவருக்கு மொழிகள் என்னும் பகுதி இல்லாமலும் இருக்கலாம். புதிய பகுதியொன்று கூடியும் இருக்கலாம்.

2012ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.2ஆம் பதிப்பில் ஜேசான் என்னும் தரவினம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அது தரப்பட்ட எழுத்துகளை அப்படியே சேமித்தது. வடிவம் பிழையற்றதா என்று மட்டும் சோதித்தது. இது பயனுள்ள தொடக்கம். எனினும், இரு குறைகள் இருந்தன. ஆவணத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்க வேண்டுமெனில், ஒவ்வொரு முறையும் எழுத்துகளைத் தொடக்கத்திலிருந்து படித்துப் பகுத்தறிய வேண்டியிருந்தது. மேலும், இரு ஆவணங்கள் சமமானவையா என்பதற்கு அவ்வினத்தில் விடையே இல்லை. ஆகவே, பகுக்கப்பட்ட நிலையிலேயே ஆவணத்தைச் சேமிக்கும் புதிய இனம் தேவைப்பட்டது. அதுவே ஜேசான்பி.

உள்ளா, புறமா?

மாஸ்கோவில் ஒலெக் பர்துனோவ், தியோடர் சிகாயேவ் ஆகியோர் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்ஸ்டோர் என்னும் தரவினத்தை உருவாக்கியிருந்தனர். அதுவும் பெயர்–மதிப்பு இணைகளைச் சேமிப்பதே. ஆயினும், ஒன்றினுள் ஒன்றாக அடுக்கும் வசதி அதில் இல்லை. அதனை விரிவாக்கும் முயற்சியில் அவர்கள் ஈடுபட்டிருந்தனர். உலகம் ஜேசானை ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், அவ்வுழைப்பை ஜேசானுக்கே பயன்படுத்துவது தக்கது என்னும் கருத்து வலுப்பெற்றது. ஆண்ட்ரூ டன்ஸ்டன், பீட்டர் கெகன் ஆகியோரும் இணைந்து உழைத்தனர். 2014 மார்ச்சு மாதம் ஜேசான்பி மூல நிரலில் சேர்க்கப்பட்டது.

எச்ஸ்டோர் ஒரு நீட்சி. அதாவது, விரும்புவோர் தனியே நிறுவிக்கொள்ளும் இணைப்பு. ஜேசான்பியோ உள்ளமைந்த இனம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. உள்ளமைந்த ஒவ்வோர் இனத்திற்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. பூலியன் இனத்தின் எண் 16, நான்கு பைட்டு முழு எண்ணுக்கு 23, உரைக்கு 25, ஜேசானுக்கு 114, ஜேசான்பிக்கு 3802. உலகின் எம்மூலையில் உள்ள போஸ்ட்கிரெஸாக இருப்பினும் 9.4 முதலான பதிப்புகளில் 3802 என்றால் ஜேசான்பிதான். தரவுத்தளத்தோடு உரையாடும் பிற மென்பொருள்கள் இவ்வெண்ணை நம்பி எழுதப்படலாம். நீட்சியாக வரும் இனத்திற்கோ நிறுவும்போதுதான் எண் கிடைக்கும். அது தரவுத்தளத்திற்குத் தரவுத்தளம் வேறுபடும்.

உள்ளமைந்த இனம் என்னும் தகுதி ஒரு பொறுப்பும் ஆகும். ஒருமுறை சேர்த்துவிட்டால் அதனை எளிதில் நீக்க இயலாது. அதன் பொருளை மாற்றவும் இயலாது. நீட்சியாக இருக்கத்தக்க ஒன்றை உள்ளமைந்த இனமாக்க வேண்டுமா என்னும் வினா இதனால்தான் எழுகிறது.

இனத்தை அமைக்கும் உறுப்புகள்

புதிய இனத்திற்கு முதலில் வேண்டுவன உள்ளீட்டுச் செயற்கூறும் வெளியீட்டுச் செயற்கூறும் ஆகும். முன்னது, மனிதர் எழுதிய எழுத்துகளைப் படித்து, பிழையிருப்பின் மறுத்து, இல்லையேல் அகவடிவமாக மாற்றும். பின்னது அகவடிவத்தை மீண்டும் எழுத்தாக்கும். வெளிவந்ததை மறுபடியும் உள்ளே தந்தால் அதே மதிப்பு கிடைக்க வேண்டும். தரவுத்தளத்தின் காப்புநகல் இந்நெறியைச் சார்ந்தே நிற்கிறது.

அடுத்து வேண்டுவன ஒப்பீட்டுச் செயற்கூறுகள். இரு மதிப்புகளுள் எது சிறியது, எது பெரியது, எப்போது சமம் என வரையறுத்தால்தான் வரிசைப்படுத்துதலும் ஒன்றே இருமுறை வருவதை நீக்குதலும் இயலும். சமமான இரு மதிப்புகளை ஒரே குழுவில் விரைந்து சேர்ப்பதற்கு, ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் ஒரு குறியெண்ணைக் கணக்கிடும் செயற்கூறும் வேண்டும். சமமானவற்றுக்குக் குறியெண்ணும் ஒன்றாகவே அமைய வேண்டும்; இதில் பிழை நேர்ந்தால் இருக்கும் தரவே இல்லை என்று விடை வரும்.

மூன்றாவது உறுப்பு தேடல். நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு, ஒரு சொல் எப்பக்கங்களில் வருகிறது என்பதைக் காட்டுகிறது. அதுபோலவே ஜேசான்பி ஆவணங்களுள் உள்ள பெயர்களையும் மதிப்புகளையும் தொகுத்து, அவை எப்பதிவுகளில் உள்ளன எனக் காட்டும் சுட்டுவரிசை அமைக்கப்பட்டது. 'இம்மதிப்பைக் கொண்ட ஆவணங்கள் யாவை?' என்னும் வினாவிற்கு எல்லா ஆவணங்களையும் புரட்டாமலே விடை கிடைக்க இது வழிசெய்தது.

இவற்றோடு பணி முடிவதில்லை. எதிர்பார்க்கும் விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்து ஒப்பிடும் சோதனைகளும், பயன்படுத்துவோருக்கான விளக்கக் கையேடும் நிரலோடு சேர்ந்தே வர வேண்டும். பிற நிரலாளர்கள் அனைத்தையும் படித்துக் குறை கூறுவர். அக்குறைகளுக்கு விடை தந்த பின்னரே நிரல் ஏற்கப்படும்.

பெற்றதும் இழந்ததும்

பகுத்துச் சேமிக்கும்போது சிலவற்றை இழக்க நேரிடும். ஜேசான்பி, எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களைப் பாதுகாப்பதில்லை. ஒரே பெயர் இருமுறை வந்தால் இறுதியாக வந்த மதிப்பையே கொள்ளும். பெயர்கள் எழுதப்பட்ட வரிசையையும் அது காப்பதில்லை. விரைந்து தேடும்பொருட்டு, நீளம் குறைந்த பெயரை முன்னும் மிகுந்த பெயரை பின்னுமாக அடுக்கும். நீளம் என்பது இங்குப் பைட்டுகளின் எண்ணிக்கை. யூடிஎஃப்–8 என்னும் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. 'பெயர்' என்னும் சொல் ஐந்து குறியீடுகளால் 15 பைட்டுகளும், 'வயது' என்னும் சொல் நான்கு குறியீடுகளால் 12 பைட்டுகளும் பெறும். எனவே, அகரவரிசையில் முன்னிற்கும் 'பெயர்', ஜேசான்பியில் 'வயது' என்பதற்குப் பின்னே வரும்.

எழுதியது எழுதியவாறே இருக்க வேண்டும் என்போருக்கு இது பொருந்தாது. மின்னொப்பம் இடப்பட்ட ஆவணத்தில் ஒரு வெற்றிடம் மாறினாலும் ஒப்பம் செல்லாது. இத்தகையோரின் பொருட்டே பழைய ஜேசான் இனமும் நீக்கப்படாமல் உடன் வைக்கப்பட்டது.

இறுதி நேரத்தில் தோன்றிய குறை

9.4ஆம் பதிப்பின் சோதனைப் படிகள் 2014ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டன. அவற்றைத் தம் தரவுகளோடு சோதித்த பயனர் ஒருவர் வியப்பான செய்தியொன்றைத் தெரிவித்தார். ஒரே தரவு, பழைய ஜேசான் இனத்தைவிட ஜேசான்பியில் மிகுதியான இடத்தை அடைத்துக்கொண்டது.

காரணம் ஆராயப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கிலோபைட்டுக்கு மேற்பட்ட பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் சுருக்கிச் சேமிக்க முயலும். திரும்பத் திரும்ப வரும் பைட்டுத் தொடர்களைக் கண்டறிந்து, அவற்றை ஒருமுறை மட்டும் எழுதுவதே சுருக்கத்தின் அடிப்படை. முதல் 1024 பைட்டுகளுக்குள் அத்தகைய தொடர் எதுவும் தென்படாவிட்டால், இத்தரவு சுருங்காது என்று முடிவுசெய்து முயற்சி கைவிடப்படும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட தரவுகளில் வீண்நேரம் செலவிடாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடே இது.

ஜேசான்பியின் முகப்பிலோ, நூலின் பொருளடக்கம்போல ஒரு பட்டியல் இருந்தது. ஒவ்வோர் உறுப்பும் எவ்விடத்தில் முடிகிறது என்பதை அது நான்கு பைட்டு எண்களால் குறித்தது. பத்துப் பக்கம் கொண்ட இயல்கள் பல உள்ள நூலில் இயல்கள் முடியும் பக்கங்களை எழுதினால் 10, 20, 30, 40 என எண்கள் வளர்ந்துகொண்டே செல்லும். ஓரெண் மீண்டும் வராது. அதுவே இங்கும் நேர்ந்தது. 256 உறுப்புகள் இருந்தால் அப்பட்டியல் மட்டுமே 1024 பைட்டுகளை நிரப்பிவிடும். அவற்றுள் ஒரே தொடர் திரும்ப வராமையால், பின்னால் உள்ள தரவு எவ்வளவு எளிதில் சுருங்கக்கூடியதாயினும், ஆவணம் முழுவதும் சுருக்கப்படாமலே எழுதப்பட்டது.

பிழையான விடை எதையும் இக்குறை தரவில்லை. ஆதலின், அப்படியே வெளியிட்டுவிடலாம் என்று எண்ணவும் இடமிருந்தது. ஆனால், நிரலில் உள்ள பிழையை அடுத்த பதிப்பில் திருத்தலாம்; வட்டில் எழுதப்பட்ட வடிவத்தை அவ்வாறு திருத்த முடியாது. வெளியான மறுநாள் முதல் அவ்வடிவத்தில் மக்களின் தரவுகள் குவியத் தொடங்கும். பின்வரும் பதிப்புகள் அனைத்தும் அவ்வடிவத்தைப் படித்தாக வேண்டும். அல்லது பயனர்கள் தம் தரவு முழுவதையும் வெளியே எடுத்து மீண்டும் ஏற்ற வேண்டும். மறுபுறம், இப்போது மாற்றினால் வெளியீடு தாமதமாகும். புதிய வடிவத்தை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

பல தீர்வுகள் ஆராயப்பட்டன. பட்டியலில் முடிவிடத்திற்கு மாற்றாக நீளத்தை எழுதலாம் என்பது ஒன்று. அப்போது 10, 10, 10, 10 என ஒரே எண் மீண்டும் மீண்டும் வரும், எளிதில் சுருங்கும். ஆனால், நூறாவது இயலைத் திறக்க வேண்டுமெனில் முதல் 99 இயல்களின் நீளங்களையும் கூட்டிப் பார்த்தாக வேண்டும், தேடல் மெதுவாகும். ஹெய்க்கி லின்னகங்காஸ், டாம் லேன் ஆகிய மூத்த நிரலாளர்கள் இரண்டையும் இணைக்கும் வழியை உருவாக்கினர். பட்டியலில் பெரும்பாலும் நீளமே எழுதப்படும். 32 உறுப்புகளுக்கு ஒருமுறை மட்டும் முடிவிடம் எழுதப்படும். எவ்வுறுப்பைத் தேடினாலும் அருகிலுள்ள முடிவிடத்திலிருந்து சில நீளங்களைக் கூட்டினால் போதும். நெடுஞ்சாலையில் இடையிடையே நடப்பட்ட மைல்கற்களைப் போல அம்முடிவிடங்கள் உதவின.

முந்தைய இரு ஆண்டுகளிலும் செப்டம்பரில் புதிய பதிப்பு வெளிவந்திருந்தது. 2014இல் செப்டம்பர் கடந்தது. மாற்றிய வடிவத்துடன் மூன்றாம் சோதனைப் படி அக்டோபரில் வந்தது. முன்னைய படிகளில் ஜேசான்பித் தரவை வைத்திருந்தோர் அதனை வெளியே எடுத்து மீண்டும் ஏற்ற நேர்ந்தது. சோதித்தவர்கள் ஏற்ற அச்சிறு தொல்லை, பின்னர் வரவிருந்த அனைவரையும் பெருந்தொல்லையிலிருந்து காத்தது. 2014 டிசம்பர் 18ஆம் நாள் 9.4ஆம் பதிப்பு வெளியானது.

எதிர்காலத்திற்கு ஒரு பைட்டு

ஜேசான்பியை இரும வடிவில் வேறொரு கணினிக்கு அனுப்பும்போது, தொடக்கத்தில் 1 என்னும் எண் ஒரு பைட்டில் அனுப்பப்படுகிறது. இது வடிவத்தின் பதிப்பெண். இன்று இவ்வெண்ணுக்கு வேறு வேலையில்லை. நாளை வேறொரு வடிவம் தேவைப்பட்டால் 2 என்று அனுப்பலாம்; பெறுபவர் குழப்பமின்றி வேறுபாட்டை அறிவர். இன்று அறியாத தேவைக்கும் இடம் விட்டு வைக்கும் முன்னறிவு இந்த ஒரு பைட்டில் அடங்கியுள்ளது.

ஜேசான்பி வெளிவந்த மறு ஆண்டில், மைஎஸ்கியூஎல் என்னும் மற்றொரு திறந்த மூலத் தரவுத்தளமும் தனக்கென ஜேசான் இனத்தைச் சேர்த்துக்கொண்டது. எஸ்கியூஎல் மொழியின் பன்னாட்டுச் செந்தரத்தில் 2023ஆம் ஆண்டு ஜேசான் ஒரு தரவினமாக இடம்பெற்றது.

பல நாட்டினர் கூடிக் கட்டும் திறந்த மூல மென்பொருளில் மூல நிரல் எல்லார் பார்வைக்கும் உரியது. குறைகளும் எல்லார் பார்வைக்கும் உரியவை. குறையைக் கண்டவர் அதனை உருவாக்கியவர் அல்லர். அதனைக் களைந்தவர்களும் குறையைக் கண்டவர் அல்லர். ஒரு பயனர் தம் தரவின் அளவை ஒப்பிட்டுப் பார்த்ததும், மூத்தோர் அச்சொல்லுக்குச் செவிசாய்த்து வெளியீட்டை நிறுத்தி வைத்ததும் சேர்ந்தே அவ்வினத்தைச் செம்மையாக்கின. 2014இன் இறுதிக் காலத்தில் திருத்தப்பட்ட அவ்வடிவத்திலேயே இன்றும் ஜேசான்பி ஆவணங்கள் எழுதப்படுகின்றன, படிக்கப்படுகின்றன.